‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்று ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால்

பதினான்கு மாதங்கள், சேமிப்பில் பெரும்பகுதி, கையில் இருந்த ஒரு நல்ல வேலை. யாரோ ஒருவர் என் தலையில் கை வைத்துச் சொன்ன நான்கு வாக்கியங்களுக்காக நான் இழந்தவை இவை. இழப்பைவிடக் கனமாக இருந்தது தனிமைதான். இதைச் சந்தேகப்படலாமா, யாரிடம் கேட்பது, கேட்டால் ஆவியானவருக்கு விரோதமான பாவமாகிவிடுமா என்று ஒவ்வொரு இரவும் தனியாகவே உருண்டுகொண்டிருந்தேன். தேவனிடமிருந்து வார்த்தையைப் பெற்றுச் சொல்லும் தீர்க்கதரிசன வரம் இன்றும் தொடர்கிறதா, அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டதா என்று பிறகு ஆண்டுக்கணக்கில் படித்தேன். படித்ததையும் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் கதையை நீட்டப் போவதில்லை. இந்தப் பாதையில் போகிறவர்கள் அநேகமாக ஒரே வரிசையில்தான் விழுகிறார்கள் என்பதால் அந்த வரிசையை மட்டும் சொல்கிறேன்.

முதல் நாள் சந்தோஷத்தின் நாள். நெடுநாள் ஜெபித்தும் பதில் வராத ஒரு காரியத்தைப் பெயர் சொல்லாமலே ஒருவர் தொட்டுவிடுகிறார். கண்ணீர் வருகிறது. வீட்டுக்குத் திரும்பும்போதே மனம் அந்த வார்த்தைகளைத் திருத்தத் தொடங்கிவிடுகிறது. “ஒரு கதவு திறக்கும்” என்று சொன்னது இரண்டு வாரத்தில் “அந்தக் குறிப்பிட்ட வேலை கிடைக்கும்” என்று ஆகிவிடுகிறது. சொன்னவர் அப்படிச் சொல்லவே இல்லை, நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம். ஆகவே வார்த்தை வந்த அன்றே, தூங்குவதற்கு முன், சொன்னதைச் சொன்னபடியே எழுதிவையுங்கள். தேதி, சொன்னவர், பக்கத்தில் இருந்தவர்கள், கால வரம்பு ஏதாவது சொல்லப்பட்டதா, நிபந்தனை ஏதாவது சொல்லப்பட்டதா, எல்லாம் எழுத வேண்டும். ஒலிப்பதிவு இருந்தால் இன்னும் நல்லது. நிபந்தனை சொல்லப்படவில்லை என்றால் “நிபந்தனை எதுவும் சொல்லவில்லை” என்றே எழுதுங்கள். பின்னால் இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியமாகும் என்று அன்றைக்குத் தெரியாது.

எழுதியதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். அவர் கண்டதாகச் சொல்வது என்ன, அதற்கு அவர் கொடுத்த அர்த்தம் என்ன, அதனால் நீங்கள் செய்ய வேண்டியது என்று யார் எதைச் சொன்னார்கள். வெளிப்பாடு, விளக்கம், செயல் என்று இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தில் இந்தப் பிரிவு தெளிவாகத் தெரிகிறது. தீருவில் இருந்த சீஷர்கள் எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று பவுலுக்கு “ஆவியின் ஏவுதலினாலே” சொல்கிறார்கள். பிறகு செசரியாவில், தீர்க்கதரிசனம் சொல்லும் நான்கு குமாரத்திகளை உடைய பிலிப்புவின் வீட்டில், அகபு என்ற தீர்க்கதரிசி வந்து பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இதை உடையவனை யூதர் இப்படிக் கட்டுவார்கள் என்கிறான். கேட்ட எல்லாரும் அழுது, போகவேண்டாம் என்கிறார்கள். பவுல் போகிறார். கட்டுகள் காத்திருக்கின்றன என்பது வெளிப்பாடு, போகவேண்டாம் என்பது கேட்டவர்கள் அன்பினால் சேர்த்த செயல். அகபு போகாதே என்று சொல்லவே இல்லை. புதிய ஏற்பாட்டில் பெயரோடு அறியப்பட்ட ஒரு தீர்க்கதரிசி எதிரே நிற்கும்போதுகூட, முடிவை எடுத்தது வார்த்தையைப் பெற்றவர்தான். எனக்கு இதை முன்கூட்டியே யாராவது காட்டியிருந்தால் ராஜினாமாக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த கட்டம் நம்பிக்கை கெட்டிப்படுகிற கட்டம். “அவருக்கு என் பெயர் எப்படித் தெரியும், என் பிள்ளையின் வியாதி எப்படித் தெரியும்?” என்ற கேள்விதான் பலரைக் கட்டிப்போடுகிறது. அறிவை உணர்த்தும் வசனம் என்று சபைகளில் சொல்லப்படுவது இதுதான். உண்மையாகவே தேவன் ஒருவருக்கு ஒன்றை உணர்த்தலாம் என்று நம்புகிறவன் நான். ஆனால் 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஊழியர் பீட்டர் போப்பாஃப் விஷயத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் முன்னதாகவே ஜெப அட்டைகளில் பெயர், முகவரி, வியாதி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி அதை வானொலி அலையில் வாசிக்க, அவர் காதுக்குள் இருந்த சிறு கருவியில் கேட்டு மேடையில் சொன்னார். இப்படிப்பட்ட ஏமாற்றுகளை வெளிப்படுத்திவந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழுவினர் அந்த அலைவரிசையைப் பிடித்துப் பதிவுசெய்து தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார்கள். இன்றைக்கு அட்டைகூடத் தேவையில்லை. பதிவுப் படிவம், ஜெப விண்ணப்பம் போட்ட வாட்ஸ்அப் குழு, நம்முடைய ஃபேஸ்புக் பக்கம், நம்மைக் கூட்டிப் போன நண்பர் வண்டியில் பேசிக்கொண்டு வந்தது, இவற்றில் எதில் எது ஏற்கெனவே வெளியே இருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஏமாற்று வேலை என்று முடிவுகட்டுவதற்காக இல்லை. எதை வைத்து நாம் வியந்தோம் என்று நமக்கே தெரிய வேண்டும்.

அப்படியே எல்லாம் துல்லியமாக இருந்தாலும் துல்லியம் ஒரு சான்றாகாது. உபாகமம் 13 சொல்வது அதுதான்: சொன்ன அடையாளம் நடந்தாலும், சொன்னவன் வேறு தேவர்களிடம் அழைத்தால் அவனுக்குச் செவிகொடுக்காதே. பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லுகிற பெண் பவுலைப் பற்றிச் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஆனாலும் அந்த ஆவியைப் பவுல் துரத்தினார். உபாகமம் 18ஆம் அதிகாரம் மறுபக்கத்தைச் சொல்கிறது, சொன்னது நடக்கவில்லை என்றால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. பலிக்காத வார்த்தை தள்ளப்படும், பலித்த வார்த்தையும் சோதிக்கப்படும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்காமல் 18ஐ மட்டும் பிடித்துக்கொண்டு, “போன வருஷம் அவர் சொன்னது நடந்ததே” என்று நின்றுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு.

இந்த இடத்தில் பயம் வருகிறது. சோதித்துப் பார்க்கலாமா என்று வாயெடுத்தால், “என் அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே” என்ற வசனம் வரும். அது 105ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு தேசம் தேசமாக அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி காக்கப்பட்டதைப் பற்றிய வசனம் அது. உபதேசத்தைக் கேள்வி கேட்பதைப் பற்றியது அல்ல. பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் என்று மத்தேயு 12இல் இயேசு சொன்னது, கண்முன்னே அவர் பிசாசைத் துரத்தினதைப் பார்த்தும் பெயெல்செபூலின் வேலை என்று சொன்னவர்களிடம். ஒரு விசுவாசி நடுக்கத்தோடு “இது ஆண்டவரிடமிருந்துதான் வந்ததா?” என்று கேட்பது அந்தப் பாவம் அல்ல. கேட்கச் சொல்வதே வேதம்தான். “தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்” என்பது 1 கொரிந்தியர் 14:29. பேசுகிறவருக்கு அனுமதி, கேட்கிறவர்களுக்குக் கட்டளை. “தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்” என்று சொன்ன மூச்சிலேயே “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து” என்று தெசலோனிக்கேயருக்கும் எழுதுகிறார் பவுல். நிதானிக்க யாரும் இல்லாத தனியறையில், தொலைபேசியில், கூட்டம் முடிந்து ஓரமாக அழைத்துச் சொல்லப்படுகிற வார்த்தைகளில் இந்தக் கட்டளையை நிறைவேற்றவே இடமில்லை. கெர்மாவின் மேய்ப்பன் என்ற இரண்டாம் நூற்றாண்டு நூல், கள்ளத் தீர்க்கதரிசி நீதிமான்களின் சபையை விட்டு விலகி, மூலையில் வெறுமையான ஆட்களோடுதான் பேசுவான் என்று எழுதிவைத்திருக்கிறது. நான் படித்ததிலேயே என்னை அதிகம் அழவைத்த வரி அது.

பணம் ஒரே நாளில் கேட்கப்படுவதில்லை. முதலில் நன்றிக் காணிக்கை, பிறகு அந்த வார்த்தை பலிக்க “விதை” என்ற பெயரில் காணிக்கை, பிறகு தடை உடைய உபவாசக் கூட்டத்துக்குப் பங்கு, பிறகு தாமதத்துக்குக் காரணமான சாபம் நீங்க இன்னொரு விதை. ஒவ்வொன்றும் தாங்கக்கூடிய தொகையாகவே இருக்கும். கூட்டிப் பார்க்கிற நாளில்தான் சம்பளம் எத்தனை மாதத்துக்குப் போயிருக்கிறது என்று தெரியும். கூட்டிப் பார்ப்பதே அவிசுவாசம் என்று தோன்றுவதால் கூட்டுவதும் இல்லை. முதல் காணிக்கையிலிருந்தே தேதியோடு எழுதிவாருங்கள். சபையின் தொடக்க நாட்களில் இதைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். திதாகே என்ற மிகப் பழைய கையேடு, 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கையெழுத்துப் பிரதியாகக் கண்டெடுக்கப்பட்டது. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லி “எனக்குப் பணம் கொடு” என்கிறவனுக்குச் செவிகொடுக்காதே, ஆனால் தேவையில் இருக்கிற மற்றவர்களுக்குக் கொடு என்றால் அவனை நியாயந்தீர்க்காதே என்று அதன் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆவியில் விருந்துக்குக் கட்டளையிட்டு அதை அவனே சாப்பிட்டால் கள்ளத் தீர்க்கதரிசி என்றும் சொல்கிறது. அதே நூல், உண்மைத் தீர்க்கதரிசி ஒரு சபையில் தங்கினால் அவனைப் போஷியுங்கள் என்றும் சொல்வதால், ஊழியருக்குக் கொடுப்பதையே அது வெறுக்கவில்லை. வார்த்தையும் தொகையும் ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் வருவதைத்தான் தடுக்கிறது. “அதின் தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள்” என்று மீகா அதற்கும் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார். நான் இன்று வைத்திருக்கிற வழக்கம், வார்த்தை கொடுத்தவருக்கு ஒரு மாதம் எதுவும் கொடுப்பதில்லை. கொடுக்க மனம் ஏவினால் அதே தொகையை ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன்.

பிறகு சொன்ன காலம் கடந்துபோகிறது. இதுதான் நரகம் போன்ற கட்டம். உன் விசுவாசம் போதவில்லை, மறைவான பாவம் இருக்கிறது, குடும்பத்தில் யாரோ தடை, இது ஆவிக்குரிய விதத்தில் நிறைவேறிவிட்டது, ஆண்டவருடைய ஒரு நாள் ஆயிரம் வருஷம். இத்தனை பதில்களிலும் தவறு கேட்டவருடையதாகவே இருக்கும், சொன்னவருடையதாக இருக்காது. நிபந்தனையோடு வந்த தீர்க்கதரிசனம் வேதத்தில் உண்டு. எரேமியா 18 அதை வெளிப்படையாகச் சொல்கிறது, மனந்திரும்பியதால் அழிவுக்குத் தப்பிய யோனாவின் நினிவே அதற்கு உதாரணம். ஆனால் காலம் போன பிறகு ஒட்டவைக்கப்படுகிற நிபந்தனை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. முதல் நாள் எழுதிவைத்த அந்த ஒரு வரியை இப்போது எடுத்துப் பாருங்கள்.

எரேமியா 28ஐ இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் மெதுவாக வாசிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் ஆலயத்தின் பணிமுட்டுகள் பாபிலோனிலிருந்து திரும்பி வரும் என்று அனனியா எல்லார் முன்னிலும் சொல்கிறான். எரேமியா “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்கிறார். பிறகு, சமாதானத்தைச் சொல்லுகிற தீர்க்கதரிசி அது நடக்கும்போதுதான் அறியப்படுவான் என்கிறார். அனனியா அவர் கழுத்து நுகத்தை உடைத்தபோதும் வாக்குவாதம் செய்யாமல் தன் வழியே போய்விடுகிறார். மறுமொழி பிற்பாடுதான் வருகிறது. எரேமியாவுக்கே உடனடியாகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. நமக்கு வந்த இனிப்பான வார்த்தைக்கும் மனதார ஆமென் சொல்லிவிட்டு, அதன்மேல் எதையும் கட்டாமல் காத்திருக்கலாம். வேலையை விடாமல், வீட்டை விற்காமல் காத்திருந்தால், அது உண்மையாக இருந்தாலும் நாம் எதையும் இழக்கப் போவதில்லை. தேதி குறித்துச் சொல்லப்பட்டது பெரிய கூட்டத்தையே அழித்ததும் உண்டு. அனபாப்திஸ்து தலைவர் யான் மத்தைஸ் 1534ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளை நியாயத்தீர்ப்பின் நாளாகக் குறித்து, அன்றைக்கு ஒரு சிலரோடு ஜெர்மனியின் முன்ஸ்டர் நகர வாசலுக்கு வெளியே போய் முற்றுகைப் படையின் கையில் செத்தார். அதன் பிறகும் நகரத்தார் விட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டு நகரம் விழும்வரை இன்னொருவர் பின்னால் போனார்கள்.

எல்லாம் உடைந்த பிறகுதான் நான் அடிப்படைக் கேள்விக்கே வந்தேன். வரம் நின்றுவிட்டது என்பவர்களிடம் முதலில் போனேன், கோபம் அந்தப் பக்கம் தள்ளியது. அவர்களுடைய பலமான வாதம் எபேசியர் 2:20. சபை அப்போஸ்தலர் தீர்க்கதரிசிகள் என்னும் அஸ்திபாரத்தின்மேல் கட்டப்பட்டது, அஸ்திபாரம் ஒரு முறைதான் போடப்படும். 1640களில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தேவன் தம் சித்தத்தை வெளிப்படுத்திய பழைய வழிகள் நின்றுவிட்டதாக முதல் அதிகாரத்திலேயே சொல்கிறது. 1918இல் அமெரிக்க இறையியலாளர் பி. பி. வார்ஃபீல்டு, அற்புத வரங்கள் அப்போஸ்தலரை அடையாளம் காட்டவே கொடுக்கப்பட்டன, அவர்களோடு முடிந்தன என்று விரிவாக வாதிட்டார். “நிறைவானது வரும்போது குறைவானது ஒழிந்துபோம்” என்ற 1 கொரிந்தியர் 13:10ஐ வேதாகமம் முழுமையானதைக் குறிப்பதாகச் சொல்வது பிரசங்கங்களில் அதிகம் கேட்கிற வாதம்தான், ஆனால் பலவீனமானது. இரண்டு வசனம் தள்ளி “முகமுகமாய்” என்று வருகிறது. நின்றுவிட்டது என்று நம்புகிற ரிச்சர்ட் காஃபின் போன்ற அறிஞர்களே அந்த வசனத்தின்மேல் தங்கள் வாதத்தை நிறுத்துவதில்லை.

தொடர்கிறது என்பவர்கள் அந்த “முகமுகமாய்” என்பதையும், மாம்சமான யாவர்மேலும் ஆவி ஊற்றப்படும் என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எடுத்துச் சொன்ன யோவேலின் வார்த்தையையும் பிடிக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சபைப் பிதாக்களில் ஒருவரான ஜஸ்டின், தீர்க்கதரிசன வரங்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன என்று எழுதினார். ஐரேனியுவும் அப்படியே எழுதினார். அதே காலத்தில்தான் பிரிகியாவில் மொந்தானுவும், பிரிஸ்கில்லாள், மக்சிமில்லாள் என்ற இரு பெண்களும் தீர்க்கதரிசிகள் என்று சொல்லிக்கொண்டு எழும்பினார்கள். யுத்தங்கள் வரும் என்று மக்சிமில்லாள் சொன்னதாகவும், அவள் இறந்து பதின்மூன்று ஆண்டுக்கு மேலாகியும் யுத்தம் வரவில்லை என்றும் ஒரு எழுத்தாளர் கணக்குப் பார்த்ததை, பழைய சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். பணம் வசூலிக்க ஆட்களை மொந்தானு நியமித்தார் என்ற குற்றச்சாட்டும் அங்கேயே இருக்கிறது. எதிரிகள் எழுதியது என்பதால் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கணக்குப் பார்க்கும் வழக்கம் அன்றே இருந்தது.

நம் காலத்தில் இந்த விவாதத்தை அதிகம் அசைத்தவர் அமெரிக்க இறையியலாளர் வெய்ன் குரூடம். 1982இல் வந்த அவருடைய ஆய்வு, சபையில் சாதாரண விசுவாசிகள் சொல்லும் தீர்க்கதரிசனம் வேதத்துக்குச் சமமான அதிகாரம் உடையதல்ல, தேவன் மனதில் கொண்டுவந்ததை மனித வார்த்தையில் சொல்வது, அதில் தவறு கலக்கலாம் என்று வாதிட்டது. அகபுவையே அவர் உதாரணம் காட்டுகிறார்: யூதர் கட்டுவார்கள் என்றான், கட்டினது ரோம சேனாபதி. மறுப்பவர்கள், அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில் பவுலே தான் எருசலேமிலிருந்து ரோமர் கையில் கட்டப்பட்டவனாக ஒப்புக்கொடுக்கப்பட்டதாகச் சொல்வதைக் காட்டி, அகபு தவறவில்லை என்கிறார்கள். அகபு விஷயத்தில் மறுப்பவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனாலும் வரம் நின்றுபோனது என்று வேதத்திலிருந்து நிரூபிக்க என்னால் முடியவில்லை. தொடர்கிறது என்றே நம்புகிறேன், இத்தனைக்குப் பிறகும். ஆனால் குரூடம் சொல்வதை ஏற்கிறவர் அதன் விலையையும் கொடுக்க வேண்டும். தவறு கலக்கலாம் என்றால் “கர்த்தர் சொல்லுகிறார்” என்று முடித்து வாயை அடைக்கக் கூடாது. “இப்படி எனக்குத் தோன்றுகிறது, நிதானித்துப் பாருங்கள்” என்றுதான் சொல்ல வேண்டும். தவறினால் தள்ளுபடி, பேசும்போது மட்டும் எரேமியாவின் அதிகாரம் என்று இரண்டு நன்மையையும் ஒருவரே எடுத்துக்கொள்வதால்தான் நாம் நொறுங்குகிறோம்.

எந்தப் பக்கம் நின்றாலும் மூன்று காரியங்களை வார்த்தை ஒன்றை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். மருந்தை நிறுத்துவது, திருமணம், வருமானத்தை விடுவது. தீர்க்கதரிசனம் “பக்திவிருத்தியும், புத்தியும், ஆறுதலும்” உண்டாக என்கிறது 1 கொரிந்தியர் 14:3. இன்னாரைக் கட்டிக்கொள், மாத்திரையை எறிந்துவிடு என்பது அந்த மூன்றில் எதிலும் சேராது. சுகம் கிடைத்ததாக நம்பினால் பரிசோதனை செய்து, மருத்துவர் குறைக்கச் சொன்னால் குறையுங்கள். பலிக்காத வார்த்தை மேடையில் சொல்லப்பட்டிருந்தால் திருத்தமும் மேடையிலேயே வர வேண்டும் என்று போதகரிடம் கேட்கலாம். கேட்பது பழிவாங்குதல் அல்ல. அங்கே உட்கார்ந்திருக்கிற அடுத்தவரைக் காப்பாற்றுவது.

இப்போதும் அவ்வப்போது யாராவது ஒரு வார்த்தையோடு வருகிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: “ஐயா, எழுதிக்கொள்கிறேன். எங்கள் போதகரோடும் இன்னும் இரண்டு பேரோடும் உட்கார்ந்து நிதானித்துவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் வந்து உட்கார முடியுமா?” சிலர் முகம் சிவந்து, கீழ்ப்படியாமை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு வயதான அம்மா மட்டும், “வருகிறேன் தம்பி, நான் தப்பாகக் கேட்டிருந்தால் நீங்களெல்லாம் சொன்னால்தானே எனக்குத் தெரியும்” என்று சொல்லி, மறுவாரம் வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள்.